சென்னையிலிருந்து வந்த முந்நூறு பேர்

ஆவணி பிறந்து நாலாம் நாள் காலையில், இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு ராஜலட்சுமி போனைத் திறந்து எண்ணிக்கை பார்த்தாள். நேற்று அவர்களுடைய வெப்சைட்டுக்கு வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அதில் முப்பத்தொரு பேர் சென்னை. முந்தாநாளும் சென்னைதான் முன்னால் நின்றது, அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் இட்லி கால் மணி நேரம் கூடுதலாக வெந்துவிட்டது. அன்றைக்கு அதை யாரும் குறை சொல்லாமல் தின்றார்கள்.

சைட் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். 'ரத்தினவேல் நர்சரி, கீரமங்கலம்' என்று மாமனார் பெயரைத் தலைப்பில் போட்டு ஐந்தே பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் ஆலங்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பரீட்சை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் ராஜலட்சுமி. கம்ப்யூட்டர் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. வீடியோ பார்த்துப் பார்த்து அவளே கட்டிய சைட் அது. அதோடு கூகுள் அனலிட்டிக்ஸையும் இணைத்திருந்தாள். அதற்குக் காசு இல்லை. வந்தவர் எந்த ஊர், எந்தப் பக்கத்தைப் படித்தார், எவ்வளவு நேரம் நின்றார், போன் செய்யும் பொத்தானை அமுக்கினாரா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆளின் பெயரை மட்டும் சொல்லாது.

முதல் வாரத்தில் அறுபது வருகை என்று அது காட்டியபோது துள்ளிக் குதித்தாள். நிதானமாகப் பார்த்தால் அதில் ஐம்பத்திரண்டு அவளே திறந்து பார்த்தது. தன் வாசலில் தானே கோலம் போட்டு, தானே அங்கிட்டும் இங்கிட்டும் நின்று ரசித்த கதை. வெட்கப்பட்டுக்கொண்டு, தன் போனையும் வீட்டுக்காரர் போனையும் கணக்கில் சேர்க்காதபடி செய்துவைத்தாள். அப்படிக் கழித்த பிறகும் இப்போது சென்னை முப்பத்தொன்று என்றால், அது உண்மையான சென்னையாகத்தானே இருக்க வேண்டும்?

இவ்வளவு ஆசையாய் எண்ணிக் கொண்டிருப்பதற்குக் காரணம் கொல்லையில் இருந்தது. நிழல்வலைக்கு அடியில் பாக்கெட் பாக்கெட்டாக நாலாயிரம் ஒட்டுப் பலாக்கன்றுகள். அவள் கணவன் தமிழ்செல்வன் குவைத்தில் ஒன்பது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிச் சேர்த்ததை எல்லாம் இதில்தான் போட்டிருந்தான். மகள் வைஷ்ணவிக்கு இரண்டு வயதானபோதுதான் அவளை முதன்முதலாகத் தூக்கினான். அந்தக் குழந்தை அவனைப் பார்த்து அலறியது. இப்போது ஏழு வயது, அப்பா பைக்கில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போவேன் என்கிறாள். இனி கடல் தாண்டுவதில்லை என்று சொல்லித்தான் வந்தான்.

ஆனால் தெருவுக்கு இரண்டு நர்சரி இருக்கிற ஊரில் பலாக்கன்றை யாரிடம் விற்பது? ஐப்பசி மழைக்குள் விற்காவிட்டால் வேர் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கிவிடும், பிறகு பிடுங்கினால் கன்று பிழைக்காது. குவைத்தில் அவனோடு வேலை பார்த்த கோட்டைப்பட்டினத்து ஷேக் பரீது இப்போது அங்கே சூப்பர்வைசர். நல்ல மனுஷன். தமிழ்செல்வனுக்காக டிரைவர் இடம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். அக்டோபர் பதினைந்துக்குள் வருகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். புருஷனும் பெண்டாட்டியும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அந்தத் தேதிக்குள் இரண்டாயிரம் கன்றுக்கு ஆர்டர் வந்தால் அவன் இருப்பான். வராவிட்டால் போவான்.

ஆக, சென்னை. பெட்டி பெட்டியாக வீடு கட்டி வாழ்கிறவர்களுக்குப் பலா எதற்கு என்று ராஜலட்சுமி யோசித்தாள். அவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது, மாடித் தோட்டம் போட ஆசையும் இருக்கிறது. நம் சைட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்கு ஏற்றது இல்லை என்று திரும்பிப் போகிறார்கள் என்று முடிவு கட்டினாள். முடிவு கட்டிவிட்டால் அவளைத் தடுக்க ஆள் கிடையாது. ஐந்நூறு செடிப் பை வாங்க வைத்தாள். கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை என்று தொட்டியில் வளர்கிறதையெல்லாம் பதியம் போட்டாள். மாடித் தோட்டத்துக்கென்று தனிப் பக்கம் எழுதி, படம் எடுத்துப் போட்டாள். தமிழ்செல்வன் மண் சுமந்தான். பதினெட்டு நாள் இதிலேயே போயிற்று.

சென்னைக்காரர்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். மொத்த எண்ணிக்கை முந்நூறைத் தொட்டது. ஆனால் ஒருத்தர்கூட மாடித் தோட்டப் பக்கத்தைத் திறக்கவில்லை, ஒருத்தர்கூடப் போன் செய்யவில்லை. ராஜலட்சுமிக்கு சென்னை மேலேயே கோபம் வந்தது.

செப்டம்பர் ஆறாம் தேதி காலையில் பார்த்தபோது சென்னை பூஜ்யம். சைட் பழுதாகிவிட்டதோ என்று பதறினாள். அப்படியும் இல்லை, குவைத்திலிருந்து இரண்டு பேரும் சிங்கப்பூரிலிருந்து ஒருத்தரும் வந்திருந்தார்கள். ஏழாம் தேதியும் சென்னை பூஜ்யம். எட்டாம் தேதியும் அப்படியே. ஒன்பதாம் தேதி ஒன்றும் நடக்காதது போல இருபத்திரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒரு மாநகரமே பேசி வைத்துக்கொண்டு மூன்று நாள் லீவு போடுமா?

அன்று மதியம் சாப்பாடுகூட இறங்காமல் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் எத்தனை பேர் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள், எப்போது வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று முதன்முதலாகப் பார்த்தாள். சென்னைக்காரர்கள் எல்லாரும் காலை ஆறு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் வந்திருந்தார்கள். முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை. சராசரியாக மூன்று நொடி நின்றிருந்தார்கள். சென்னையில் இருக்கிற எவன் விடியக்காலையில் எழுந்து, மூன்று நொடி பலாக்கன்றைப் பார்த்துவிட்டுப் பல் விளக்கப் போகிறான்?

இந்த மூன்று நாளில் ஊரில் ஏதாவது நடந்ததா, கரண்ட் போனதா, டவர் பழுதா என்று தமிழ்செல்வனைக் கேட்டாள். அவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, அப்படி ஒன்றும் இல்லை, பீட்டர் அண்ணன் குடும்பத்தோடு வேளாங்கண்ணி திருவிழாவுக்குப் போய்விட்டதால் டீக்கடை மூன்று நாள் மூடிக்கிடந்தது, அப்பாவுக்குத்தான் டீ இல்லாமல் கை ஓடவில்லை என்றான்.

ராஜலட்சுமி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். மாமனார் ரத்தினவேல் பீட்டர் கடைக்குப் போகிற நேரம் காலை ஆறு மணி. திரும்பி வருகிற நேரம் ஏழரை.

மறுநாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, டீ வாங்குகிற சாக்கில் பீட்டர் கடைக்குப் போனாள். பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டுவந்தவர்களும், பஸ்ஸுக்கு நின்றவர்களுமாகக் கடை நிறைந்திருந்தது. நடுப் பெஞ்சில் மாமனார். மூக்கில் கண்ணாடி, மடியில் நீள நோட்டு. எதிரே நின்ற பூக்காரரின் போனை வாங்கி, ஆட்காட்டி விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, சைட் திறந்ததும் அவரிடம் காட்டி, உடனே மூடித் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் நோட்டில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று வரிசையாக எழுதிக்கொண்டார். அழகான கையெழுத்து. சுற்று வட்டாரத்தில் எந்த மொய்விருந்து நடந்தாலும் மொய் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு மொய்விருந்து தெரியாமல் இருக்கலாம். ஆடியிலும் ஆவணியிலும் இந்தப் பக்கத்தில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். நாளைக்கு அவர்கள் விருந்து வைக்கும்போது, இன்று மொய் வாங்கியவர் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. 'ஆள் வந்தால்தான் சைட் பிழைக்கும்' என்று மருமகள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதைக் கேட்ட ரத்தினவேல், இதுவும் அந்த மாதிரி ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டார். ஆள்தானே வரணும், வரவழைத்தால் போயிற்று.

திருப்பிச் செய்வதிலும் அவர் குறை வைக்கவில்லை. டீக்கடைக்கு வருகிறவர்களில் பல பேர் வீட்டுப் பிள்ளைகள் மாட்டைக் காட்டியும் சமையலைக் காட்டியும் யூடியூப் சேனல் வைத்திருந்தார்கள். ரத்தினவேல் அத்தனையிலும் சந்தாதாரர் ஆகியிருந்தார். முப்பத்தேழு சேனல். வண்டிமாடு பூட்டுவது எப்படி என்பதிலிருந்து நகப்பூச்சு போடுவது எப்படி என்பது வரை அவர் போனில் வந்து குவிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரின் போனை வாங்கி ராஜலட்சுமி சைட்டைத் திறந்தாள். லேப்டாப்பில் அந்த நொடியே ஒரு ஆள் வந்ததாகக் காட்டியது. ஊர், சென்னை. போன் கம்பெனிக்காரனின் இணைப்பு சென்னை வழியாகச் சுற்றி வருவதால், கீரமங்கலத்தில் கூடத்தில் நிற்கிற போனும் சென்னைக்காரனாகக் கணக்கில் ஏறுகிறது. பதினெட்டு நாளும் ஐந்நூறு செடிப் பையும் எங்கே போயின என்று இப்போது அவளுக்கு விளங்கியது.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட ரத்தினவேலுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வந்தவர்களில் பொய் ஆள் கலந்தால் உண்மையான ஆள் என்ன தேடி வந்தான் என்று தெரியாமல் போய்விடும் என்று அவள் மெதுவாக எடுத்துச் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. அவர் நோட்டை மடித்து வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது ஆத்தா. அவன் திரும்பப் போயிரக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். நூத்திப் பன்னெண்டு பேரு காலுல விழாத கொறையாக் கேட்டுருக்கேன்.”

முந்நூறு வருகைக்கும் பின்னால் நூற்றுப்பன்னிரண்டு பேர்தான். மற்றதெல்லாம் அவரவர் மறுநாளும் மறுவாரமும் வந்து வைத்த மொய். ராஜலட்சுமிக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் அழுகை போகவில்லை. கிணற்றடிக்குப் போய் முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தாள். தேதி செப்டம்பர் பத்து. இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது. முப்பத்தைந்து நாள் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

காலை ஆறிலிருந்து ஏழரை வரை வந்த சென்னையை அப்படியே ஒதுக்கினாள். மிச்சம் அறுபத்து நாலு பேர். முந்நூறைப் பார்த்த கண்ணுக்கு அறுபத்து நாலு சப்பென்றுதான் இருந்தது. ஆனால் இந்த அறுபத்து நாலு பேரும் வேறு ஜாதி. குவைத், கத்தார், சவுதி, சிங்கப்பூர். நின்றது மூன்று நொடி இல்லை, நாலு நிமிஷம். பலாக்கன்றுப் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார்கள். அதோடு போன் செய்யும் பொத்தானை இருபத்து மூன்று முறை அமுக்கியிருக்கிறார்கள். அந்த இருபத்து மூன்றை அவள் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

தமிழ்செல்வனைக் கூப்பிட்டு, இந்த ஒன்றரை மாதத்தில் வெளிநாட்டிலிருந்து தெரியாத நம்பர் ஏதாவது வந்ததா என்று கேட்டாள். பரீது பாயைத் தவிர ஒருத்தரும் கூப்பிடவில்லை என்றான். அமுக்கியவர்கள் இருபத்து மூன்று, மணி அடித்தது சுழியம். நடுவில் எங்கேயோ விழுந்து தொலைகிறது. இந்தத் தடவை ஊகம் பண்ணுவதில்லை என்று ராஜலட்சுமி உறுதியாக இருந்தாள். ஊகம் பண்ணி மண் சுமக்க வைத்தது போதும். பரீது பாயிடம் சொல்லி, குவைத்திலிருந்து சைட்டைத் திறந்து அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். தன்னைக் குவைத்துக்குக் கூப்பிடுகிற ஆளிடமே இதைக் கேட்பதா என்று தமிழ்செல்வன் கூச்சப்பட்டான். கூச்சப்பட நேரம் இல்லை என்று அவளே போனை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

பத்து நிமிஷத்தில் பரீது கூப்பிட்டுவிட்டார். அவர் சிரிப்பது ஸ்பீக்கரில் கேட்டது.

“அரபியில ஒரு பொம்பள, இப்படி ஒரு நம்பரே இல்லைங்கிறா தமிழு. வெறும் பத்து நம்பரைப் போட்டு வச்சிருக்கியே, முன்னால தொண்ணூத்தொண்ணு எங்கடா?”

தமிழ்செல்வன் நெற்றியில் அறைந்துகொண்டான். ஒன்பது வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல், பிளஸ் தொண்ணூற்றொன்று அடித்து இந்த வீட்டோடு பேசியவன். சைட்டுக்கு நம்பர் எழுதிக் கொடுக்கும்போது அது ஞாபகம் வரவில்லை. வாங்கித் தட்டிய ராஜலட்சுமிக்கும் வரவில்லை. ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நினைப்பில் இரண்டு பேருமே அந்த இரண்டு எண்ணையும் மறந்துவிட்டிருந்தார்கள்.

திருத்துவதற்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. பக்கத்திலேயே வாட்ஸ்அப்புக்கும் ஒரு பொத்தான் வைத்தாள். மூன்றாம் நாள் மாலை கத்தாரிலிருந்து முதல் மணி அடித்தது. குளத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர், பெயர் ரகுநாத். கன்று என்ன ரகம், என்ன விலை என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்தார்கள். அவர் அதை எல்லாம் சைட்டிலேயே படித்துவிட்டிருந்தார்.

“கன்னு கெடக்கட்டும்ங்க. எனக்கு நெலத்துல ஆளு இல்ல. நட்டுத் தண்ணி ஊத்திக் குடுப்பீங்களா?”

தமிழ்செல்வன் இழுத்தான். ராஜலட்சுமி போனை வாங்கி, செய்து கொடுப்போம் என்றாள். அவர் நூற்றிருபது கன்று சொன்னார்.

அன்றைக்கு அவள் இன்னொரு இலவசக் கருவியையும் திறந்தாள். ஜனங்கள் என்ன வார்த்தையைத் தட்டித் தேடி இந்தச் சைட்டுக்கு வருகிறார்கள் என்று காட்டுவது அது. 'பலாக்கன்று விலை' என்று தேடியவர்கள் கொஞ்சம் பேர்தான். 'ஆள் இல்லாத நிலத்தில் என்ன மரம் வைக்கலாம்', 'தண்ணீர் கம்மியா இருந்தா பலா வருமா', 'ஊருக்கு வரும்போது காய்க்குமா எத்தனை வருஷம்' என்று வரி வரியாக இருந்தது. கடைசி வரியில் கொஞ்ச நேரம் அவள் கண் நின்றது. தமிழ்செல்வனும் குவைத்தில் உட்கார்ந்து இதையேதான் தட்டியிருப்பான். இத்தனை நாளும் அவள் கன்றை விற்கப் பார்த்திருக்கிறாள். வந்தவர்கள் கேட்டதோ, நாங்கள் இல்லாதபோது எங்கள் நிலத்தை யார் பார்ப்பது என்று.

மாடித் தோட்டப் பக்கத்தை அழித்தாள். அந்த இடத்தில் புதுப் பக்கம் எழுதினாள். குழி வெட்டி, நட்டு, முதல் வருஷம் தண்ணீர் விட்டு, மாதம் ஒரு போட்டோ அனுப்பப்படும். கஜா புயலில் விழாமல் நின்ற தாய்மரத்தின் படத்தை மேலே போட்டாள். ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் மற்ற ஐந்தையும் தாண்டி முன்னால் வந்தது. செப்டம்பர் முடிவதற்குள் ஐந்நூற்று நாற்பது கன்று. நல்ல எண்ணிக்கைதான், ஆனால் இந்த வேகத்தில் போனால் இரண்டாயிரம் வருவதற்குள் தமிழ்செல்வன் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் அவளுக்கு மாமனாரின் நோட்டு ஞாபகம் வந்தது. நூற்றுப்பன்னிரண்டு வீடு. கீரமங்கலத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எத்தனை? நோட்டை விரித்து வைத்து மாமனாரைக் கேட்டுக் கேட்டு டிக் போட்டாள். எழுபத்தொரு வீட்டில் மகனோ மருமகனோ அக்கரையில் இருந்தான். இவர்கள் யாரும் சைட்டைத் திறக்க வேண்டாம், அந்தப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றாள்.

ரத்தினவேல் முடியாது என்று தலையாட்டினார். மருமகள் மேல் அவருக்கு எவ்வளவோ மரியாதை, ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவை மொய் வாங்கிவிட்டு, அதைத் திருப்பிச் செய்யாமல் இரண்டாம் தடவை போய்க் கை நீட்டுவது எந்த ஊரிலும் கிடையாது. யூடியூப் சேனல் வைத்திருந்த முப்பத்தேழு வீட்டுக்குத்தான் செய்திருக்கிறார், மிச்சப் பேருக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றார்.

“சரி மாமா, முறைப்படியே செய்வோம். நாளைக்கு நானும் ஒங்க கூட டீக்கடைக்கு வாரேன்.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு பீட்டர் கடையின் நடுப் பெஞ்சில், மாமனாருக்குப் பக்கத்தில், லேப்டாப்போடு ராஜலட்சுமி உட்கார்ந்தாள். பட்டா மாற்ற மனு, பிள்ளைகளுக்கு உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வருமானச் சான்று என்று யாருக்கு என்ன விண்ணப்பம் போட வேண்டுமோ கொண்டுவாருங்கள், இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றாள். ஆலங்குடியில் மூன்று வருஷம் செய்த அதே வேலை. முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள். டீக்கடையில் பொம்பளைப் பிள்ளை உட்காருவதா என்று ஓரமாக இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பீட்டர் அவர்களுக்கு டீயில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார். மூன்றாம் நாள் பெஞ்சைச் சுற்றி வரிசை நின்றது. அவள் ஒவ்வொரு விண்ணப்பமாக முடிக்க முடிக்க, ரத்தினவேல் நோட்டில் அந்தப் பெயரைத் தேடி, நேராக ஒரு கோடு இழுத்தார். கோடு இழுத்த பிறகுதான் வாயைத் திறந்து, ஒங்க பையனுக்கு இதை அனுப்புங்க என்று கேட்டார்.

பத்து நாளில் எழுபத்தொரு வீடும் முடிந்தது. அனலிட்டிக்ஸில் நாடுகளின் பட்டியல் நீண்டது. மலேசியா வந்தது, பஹ்ரைன் வந்தது, புரூணை என்று ஒரு ஊர் வந்தது. அது எங்கே இருக்கிறது என்று வைஷ்ணவி பள்ளிக்கூடத்து மேப்பில் தேடிக் கண்டுபிடித்தாள். வந்தவர்கள் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் நின்றார்கள். பொத்தானை அமுக்கினார்கள். அமுக்கியதெல்லாம் மணியாக வந்து சேர்ந்தது. இந்த நாட்டில் வெள்ளிக்கிழமை லீவு, அந்த நாட்டில் ஞாயிறு லீவு என்று பார்த்துப் பார்த்து ராஜலட்சுமி புதுப் படம் போட்டாள். அக்டோபர் பத்தில் ஆயிரத்து நானூற்று அறுபது. பதினாலில் ஆயிரத்து எண்ணூற்று எழுபது.

பதினைந்தாம் தேதி விடிந்தது. மறுநாள் திருச்சியில் மெடிக்கல் செக்கப்புக்குப் போவதற்கான சீட்டை பரீது முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அதைத் தமிழ்செல்வன் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ராஜலட்சுமி அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள்.  இன்னும் நூற்று முப்பது வேண்டும். ரத்தினவேல் அன்றைக்கு டீக்கடைக்கே போகவில்லை. நிழல்வலைக்கு அடியில் கன்றுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டரைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு மணி அடித்தது. இருபது கன்று. அதை வைத்ததும் சவுதி. அதன் பிறகு பக்கத்து ஊரான வடகாட்டுக்காரர் ஒருத்தர் மலேசியாவிலிருந்து, தன் அறையில் இருக்கிற இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கேள்வியாகக் கேட்டார். குழி எவ்வளவு ஆழம், ஆடு கடிக்காமல் இருக்க வேலி போடுவீர்களா, வீடியோவில் காட்டுவீர்களா. தமிழ்செல்வன் கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே பதில் சொன்னான். மணி பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. போனை அவன் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மலேசியாக்காரர்களையும் சேர்த்து ராஜலட்சுமியின் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

இரண்டாயிரத்துக்கு இன்னும் அறுபது குறைவு. 

மலேசியாக்காரர் நிலத்தின் சர்வே எண்ணையும் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரையும் சொல்ல ஆரம்பித்தார். எழுத ஒன்றும் இல்லை. தமிழ்செல்வன் அங்கும் இங்கும் தேடினான், வைஷ்ணவியின் பென்சில் ஒன்று கிடைத்தது, காகிதம் கிடைக்கவில்லை. சட்டைப் பைக்குள் கை விட்டு, மடித்திருந்த சீட்டை எடுத்து, சுவரில் வைத்து, பின்பக்கத்தில் சர்வே எண்ணை எழுதினான். குழி அளவை எழுதினான். இடம் போதாமல் திருப்பி, முன்பக்கத்தில் அவன் பெயருக்கு மேலேயே பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை எழுதினான். ராஜலட்சுமி வாசல்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அவன் பேசி முடித்து வைத்த மறு நொடி பரீதுவின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரைப் போட்டான்.

“காலையில இருந்து ஆறு தடவ அடிச்சிட்டேன் தமிழு. எப்பப் பாத்தாலும் பிஸி, பிஸிங்குது. இன்னைக்குத்தான் கடைசி. வாரியா, இல்லையா?”

தமிழ்செல்வன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் நம்பருக்கு அடியில் அவன் பெயர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான்.

“வேற ஆளப் பாத்துக்கங்க பாய். இங்க வேலை கெடக்கு.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு அழைப்பு உள்ளே வந்துவிட்டது. கொல்லையில் ரத்தினவேல் ஸ்டூலை விட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டி எங்கே என்று கேட்டார்.